மணலில் நிற்கும் கல்

திருவல்லிக்கேணியில் கடைக்கால் தோண்டிப் பழகிய மேஸ்திரி யாரையாவது கேட்டுப் பாருங்கள். மண்வெட்டிக்கு மணல்தான் வரும்; இன்னும் கொஞ்சம் போனால் ஈர மணல்; அதற்கும் கீழே தண்ணீர். பாறை என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் இருக்கிற பேட்டை வேறெப்படி இருக்கும்? அந்த மணலின் நடுவில்தான் தளம், தூண், உத்தரம், கூரை எல்லாமே கருங்கல்லாக ஒரு கோயில் நிற்கிறது. பார்த்தசாரதி கோயிலுக்கு வருகிறவர்கள் மீசை வைத்த மூலவர் வேங்கடகிருஷ்ணனைச் சேவிக்கிறார்கள், உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகளைத் தேடுகிறார்கள், நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலோடு வெளியே வருகிறார்கள். இவ்வளவு கல் இந்த மணலுக்கு எப்படி வந்தது, வந்த கல் ஏன் புதைந்துபோகவில்லை என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சென்னைக்குப் பாறை வேண்டுமென்றால் தென்மேற்கே போக வேண்டும். கோயிலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் பரங்கிமலை 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பல்லாவரம் 17 கிலோமீட்டர். நடுவில் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். அங்கே கிடைக்கும் கல்லுக்கு உலகப் புவியியலில் தனிப் பெயர் உண்டு: சார்னோகைட். பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னக் 1690களின் தொடக்கத்தில் இறந்தபோது, அவர் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கருங்கல் பலகை போனது. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பல்லாவரம் கல்லை ஆராய்ந்தார். கல்கத்தாவிலுள்ள அந்தக் கல்லறைக் கல்லும் இதே இனம் என்று கண்டு, சார்னக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துக்குப் போயிருக்க வேண்டிய பெருமை கல்கத்தாவுக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கல்லுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், தரைக்குப் பல கிலோமீட்டர் கீழே, 700, 800 டிகிரிச் சூட்டில் வெந்து உருவானது அது. புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் ஒரு கரும்பச்சை மினுக்கம் தெரியும்.

இந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லும் எந்தக் குவாரியில் பிறந்தது என்பது வேறு ஆராய்ச்சி. எங்கே பிறந்தாலும் அது பயணம் செய்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் உள்ள உத்தரம் ஒன்று முக்கால் கனமீட்டர். கருங்கல்லின் எடை கனமீட்டருக்கு 2.7 டன். ஆக, ஒரே ஓர் உத்தரம் 2 டன். மண்டபத்துக்குள் நின்று தலையைத் தூக்கி, அப்படிப்பட்ட உத்தரங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்குங்கள். மாட்டுவண்டியும் உருளைக் கட்டையும் தோணியும் கயிறும் மனிதத் தோளும்தான் அன்றைக்கு இருந்த போக்குவரத்து.

உடைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகளில் ஒரே வரிசையில் சின்னச் சின்னக் குழிகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழிகளில் ஆப்பு இறக்கி, ஒன்று மாற்றி ஒன்று தட்டிக்கொண்டே போவார்கள். எல்லா ஆப்பும் சேர்ந்து பாறையை இரண்டு பக்கமும் தள்ளும்போது குழிகளை இணைக்கும் கோட்டில் அது பிளந்துகொள்ளும். எவ்வளவு பெரிய சம்மட்டியானாலும் நேராக அடித்து நொறுக்க முடியாத கல், இரண்டு பக்கம் இழுத்தால் பிரிந்துவிடுகிறது. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. கல் தச்சருக்குக் குவாரியில் கைகொடுத்த இந்தக் குணம், கோயில் கட்டும் இடத்துக்கு வந்ததும் அவருக்கே எதிரியாகிறது.

சாக்பீஸை நிமிர்த்தி வைத்து மேலே ஒரு புத்தகத்தை ஏற்றினால் அசையாமல் நிற்கும். இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்தால் ‘டக்’கென்று ஒடியும். தூண் முதல் வகை, உத்தரம் இரண்டாம் வகை. இரண்டு தூண்களின் மேல் படுத்திருக்கும் உத்தரம், கண்ணுக்குத் தெரியாத அளவில், தன் எடையிலேயே வளைகிறது. வளையும்போது அதன் முதுகு நசுங்குகிறது, வயிறு இழுபடுகிறது. விரிசல் விழுந்தால் வயிற்றில்தான் விழும். தூண்களின் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் வயிற்றில் விழும் இழுவை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு தள்ளி நட்டால் ஒன்பது மடங்கு.

நம் கோயில் மண்டபங்கள் ஏன் தூண்காடாக இருக்கின்றன என்பதற்கு விடை இந்த இருபடிக் கணக்கில் இருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரும் இடத்தில் நூறு தூண் மறைக்கிறதே என்று உற்சவ காலத்தில் எம்பி எம்பிப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கல் உத்தரம் அதற்கு மேல் நீளாது. ஏதென்சின் பார்த்தினான் கோயிலிலும் தூண்கள் நெருங்கி நிற்கக் காரணம் இதுதான். ரோமர்கள் வளைவைக் கட்டித் தப்பித்தார்கள். வளைவில் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே நிற்கும், இழுவை என்பதே அநேகமாக வராது. நம் ஸ்தபதிகள் அந்த வழிக்குப் போகவில்லை. வளைவு பக்கவாட்டில் ஓயாமல் உதைத்துக்கொண்டிருக்கும். உத்தரம் நேரே கீழே மட்டும்தான் அழுத்தும். மணல் தரையில் எது வம்பில்லாதது என்று கேட்டால் நானும் உத்தரத்தின் பக்கமே நிற்பேன்.

இடைவெளியைக் குறைக்க இன்னொரு வழியும் அவர்களிடம் இருந்தது. தூண் தலையின் மேல், உத்தரத்துக்கு அடியில், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் ஒரு கல் இருக்கும். அதுதான் போதிகை. தூண்களுக்கு இடையே 2 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு போதிகையும் 25 சென்டிமீட்டர் வெளியே நீண்டால், உத்தரம் தாண்ட வேண்டிய வெற்றிடம் ஒன்றரை மீட்டராகக் குறைகிறது. நீளம் நான்கில் மூன்று பங்கு. இருபடிக் கணக்கில் இழுவை ஏறக்குறைய பாதி. ஒரு துண்டுக் கல்லுக்கு இது பெரிய சம்பாத்தியம். ஐரோப்பாவில் உத்தரத்தின் வலிமையைக் கணக்காக எழுதிப் பார்த்தவர் கலிலியோ. அவர் நூல் 1638இல் வந்தது. கலிலியோவுக்கு முன்பே நாங்கள் எல்லாம் அறிந்திருந்தோம் என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். ஸ்தபதிகள் சமன்பாடு எழுதவில்லை. ஒடிந்த உத்தரங்களைப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கைக்கணக்கு அது. கலிலியோவோ முதல் முயற்சியில் விடையைச் சற்றுத் தவறவிட்டார். இரண்டும் வெவ்வேறு வகை அறிவு. இரண்டுக்கும் மரியாதை உண்டு.

போதிகைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கட்டடத்தின் வயதைச் சொல்லும். பல்லவர் காலத்தில் அதன் முனையை வளைத்து, அலை அலையாகச் செதுக்கினார்கள். தரங்கப் போதிகை என்பார்கள். சோழர் காலம் நடக்க நடக்க அலை மறைந்து, சரிவாக வெட்டிய முனையும் நடுவில் நீண்ட ஒரு துண்டுமாக ஆயிற்று, வெட்டுப் போதிகை. விஜயநகர காலத்துக்கு வரும்போது முனை கீழே வளைந்து தொங்கி, தாமரை மொட்டாக முடிந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கண்ணில் படும் மண்டபங்களில் பெரும்பகுதி விஜயநகர காலமும் அதற்குப் பிந்தியதும் என்பதால் மொட்டு வகையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 1564இல், சதாசிவராயர் காலத்தில், இங்கே புதுச் சன்னதிகள் எழுந்தன. சேவிக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் அலைபேசியைப் பார்ப்பதற்குப் பதில் அண்ணாந்து பார்த்தால் ஐந்நூறு ஆண்டு பழைய பொறியியல் தலைக்கு மேலேயே இருக்கும்.

கோயில் அதைவிட மிகப் பழையது. பேயாழ்வாரும் திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடியது, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தொண்டை நாட்டு மன்னன் செய்த கோயில் என்று திருமங்கை ஆழ்வார் சொல்கிறார். ஊரை மயிலையோடு சேர்த்தே குறிப்பிடுகிறார். ஆனால் கல்லில் கிடைக்கும் சான்று பல்லவன் தந்திவர்மனுடைய 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சென்னை நகருக்குள் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. கல்வெட்டறிஞர் வெங்கையா அதைப் படித்து, நூறாண்டுக்கு முன்பே பதிப்பித்தார். போர் வெற்றியோ பிரதாபமோ அதில் இருக்குமென்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். விஷயம் அடகு! கோயிலுக்குச் சொந்தமான வயலை அர்ச்சகர்கள் அடமானம் வைத்துவிட்டார்கள், அதனால் பெருமாளின் அமுதுபடி குறைந்துபோனது, ஒருவர் முன்வந்து நிலத்தை மீட்டு அமுதுபடியை மறுபடி ஏற்படுத்தினார். ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்தும் நமக்கு உடனே புரிகிற சமாசாரம். சொத்து விவகாரம் என்பதால்தான் கல்லில் வெட்டினார்கள். ஓலை கரையானுக்குப் போய்விடும். 250 கோடி ஆண்டு வயதுள்ள கல்லுக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு பெரிய காலமில்லை.

சரி, இவ்வளவு எடை மணலில் ஏன் இறங்கவில்லை?

மணல் வீடு என்றாலே நிலைக்காதது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். பொறியாளர் அப்படிச் சொல்ல மாட்டார். ஓட இடமில்லாமல் இறுகிக் கிடக்கும் மணல் நல்ல அடித்தளம். மேலே எடை ஏற ஏற மணிகள் ஒன்றோடொன்று உரசி இன்னும் இறுகிக்கொள்ளும். களிமண் இதற்கு நேர்மாறு: அதிலிருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை கட்டடம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் குறைவாக. பைசா நகரத்துக் கோபுரம் சாய்ந்தது அப்படித்தான். மணலில் இறக்கம் உடனுக்குடன் நடந்துவிடும். கல்லை வைக்க வைக்கவே எவ்வளவு அமர வேண்டுமோ அவ்வளவும் அமர்ந்துவிடும். கடைசிக் கல் ஏறும்போது அடித்தளத்தின் கணக்கு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். பழைய சிற்ப நூல்களும் தண்ணீரோ பாறையோ தெரியும்வரை தோண்டு, மணலும் கல்லும் இட்டு நீர் ஊற்று, இடித்து இறுக்கு என்கின்றன. ஊற்றுகிற நீர் மணலின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி நெருக்கும். திமிசுக்கட்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மணலுக்குப் பயம் ஒன்றுதான், பக்கத்தில் யாராவது தோண்டி அதை ஓடவிட்டுவிடக் கூடாது. அதைத் தடுக்க இங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு: கிணற்று உறைகளை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நிரப்பி, அவற்றின் மேல் கட்டுவது. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கெர்க் அப்படி இறக்கிய சுட்டமண் உறைகளின் மேல்தான் நிற்கிறது. கட்டியவர் டி ஹாவிலண்ட் என்ற கம்பெனிப் படைப் பொறியாளர். முறை நம் ஊர் கிணறு வெட்டுகிறவர்களுடையது.

கோபுரத்துக்கு வருவோம். கீழே வாசல் மட்டத்தில் கருங்கல். அதற்கு மேல் உள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வெளியே சுதைச் சிற்பங்கள். தமிழகத்துக் கோபுரங்கள் பெரும்பாலும் இப்படித்தான். மேலே போகப் போக எடை குறைய வேண்டும் என்பதற்காக உட்புறத்தைக் கூடாக விட்டு, ஒவ்வொரு நிலையையும் உள்ளே இழுத்துச் சிறிதாக்குவார்கள்.

அந்தச் சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. சென்னைக் கடற்கரையிலும் பழவேற்காட்டிலும் கிளிஞ்சல் பொறுக்கிக் காளவாயில் சுடுவார்கள். ஏறக்குறைய 900 டிகிரிச் சூட்டில் கிளிஞ்சலிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோகும், மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. நீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பூசியபின், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாக உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. நத்தையும் சிப்பியும் கடலுக்குள் செய்த கல்லை உடைத்து, கோபுரத்தில் மீண்டும் கல்லாக்குகிறோம். இந்த மாற்றம் முடியப் பல ஆண்டு ஆகும். இடையில் மயிரிழை விரிசல் விழுந்தால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய் அந்த விரிசலிலேயே படிய வைக்கும். சிறு காயங்கள் தாமாகவே ஆறும்.

சிமென்ட் வந்தபின் இந்தப் பொறுமை போய்விட்டது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு சுவருக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும், ஈரம் வந்த வழியே திரும்பிப் போகும். சிமென்ட் பூச்சும் அதன் மேல் அடித்த கெட்டிப் பெயின்டும் வழியை அடைத்துவிடுகின்றன. உள்ளே மாட்டிய ஈரம் காயும்போது உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடம் கேட்டுச் செங்கல்லைத் தள்ளுகிறது. செங்கல் பொரிந்து மாவாய்க் கொட்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சம்ப்ரோட்சணம் என்று பழைய ஏற்பாடு இருக்கிறதே, சடங்கின் பக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல பராமரிப்பு அட்டவணை. இங்கே 2015 ஜூனில் நடந்தது. அந்தச் சமயங்களில் வாளியில் என்ன கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கோபுரத்தின் அடுத்த நூறாண்டு.

மேற்கு வாசலில் தெள்ளியசிங்கர் சன்னதி. யோக நரசிம்மர், மேற்கு நோக்கி, தனிக் கொடிமரத்தோடு இருக்கிறார். சன்னதிக் கதவிலுள்ள மணிகளுக்கு நாக்கு கிடையாது. யோகம் கலையக் கூடாதாம். அந்த வாசல் பக்கத்துத் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில்தான் பாரதி கடைசிக் காலத்தில் குடியிருந்தார். கோயில் யானை அவரைத் தள்ளியது 1921இல். மதில்களுக்கும் வரலாறு உண்டு: 1670களில் சாந்தோமுக்காகப் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கோல்கொண்டாப் படையும் மோதிக்கொண்டபோது, சுற்றுமதில் உள்ள இந்தக் கோயில் படைகளுக்குக் கோட்டையாகப் பயன்பட்டது. 1676இல் கம்பெனி இந்தக் கிராமத்தைக் குத்தகைக்கு எடுத்தது.

கிழக்கு வாசலுக்கு எதிரே திருக்குளம், கைரவிணி. மீன் வாழாத குளம் என்பது ஊர் நம்பிக்கை. தவம் செய்த முனிவரை மீன்கள் தொந்தரவு செய்ததால் வந்த சாபம் என்பார்கள். எனக்கு மீனைவிடத் தண்ணீர்தான் ஆச்சரியம். கடற்கரையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் அலைகள் இப்போதைய காமராசர் சாலைக்கு மிக அருகில் வந்துகொண்டிருந்தன. 1876இல் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர் நீண்டதும், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. நாம் சுண்டல் தின்னும் மெரினா அப்படி அகன்றதுதான்; வடக்கே ராயபுரம் அரிபட்டது. ஆக, துறைமுகத்துக்கு முந்திய காலத்தில் கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது. அப்படியிருந்தும் ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது.

மணலுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள கடல்நீரோடு எளிதில் கலந்துவிடுவதில்லை. அது எடை குறைந்தது; மேலே மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அதனால், நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீரே இருக்கும். டச்சுப் படைப் பொறியாளர் பாடோன் கெய்பென் 1880களின் முடிவிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. அடியில் களிமண் அடுக்கோ பாறையோ குறுக்கிட்டால் எண்கள் மாறும். விகிதத்தின் மூர்க்கம் மாறாது.

மணல் நிலத்தில் வெட்டிய குளம் ஒருவகையில் வாய் அகன்ற பெரிய கிணறு. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, மாதக்கணக்கில் மெல்ல மணலுக்குள் இறக்கி, மிதக்கும் நன்னீரைத் தடிக்கச் செய்கிறது. தெப்பம் விடுகிற தை, மாசியில் பார்க்கும் தண்ணீருக்கு இந்த வேலையும் இருக்கிறது. ஆனால் அதே 40 மடங்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சுற்றிலும் உள்ள அடுக்குமாடிகளின் மோட்டார்கள் நிலத்தடி நீரை 1 மீட்டர் இறக்கினால், கணக்குப்படி உப்புநீர் 40 மீட்டர் ஏறலாம். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது கடற்கரைப் பேட்டைகளில் அதற்கு இருந்த அவசரம் இதுதான்.

குளத்துப் படி ஒன்றின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கைரவிணிப் பக்கம் போகிறவர்கள் கரையில் நின்று, தண்ணீருக்கு மேலே புதிதாகத் தெரியும் படிகளை எண்ணிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்து நிலத்தடி நீரும் கூடவே இறங்கியிருந்தால், ஒரு படிக்கு 8 மீட்டர்.